யாருக்கு வேண்டும் என்பது முன்பே தெரியும்: இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்:
தலைவர் மற்றும் உறுப்பினர்கள்,
இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்,
புது தில்லி.

பொருள்: சமூக வலைத்தள உறவுகளின் அடிப்படையில் உள்ளடக்கத்தை முன்கூட்டியே பயனர்களுக்கு அருகில் கொண்டுவந்து வைக்கும் முறையின் பயனைச் சிறு இணையச் சேவை நிறுவனங்களுக்கும் கிடைக்கச் செய்தல், உறவு விவரங்கள் எவர் கைக்கும் போகாமல் காத்தல்.

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

வணக்கம். தென்காசி மாவட்டத்தில் சில ஆயிரம் வீடுகளுக்கு ஃபைபர் வழியாக இணையம் தரும் ஒரு சிறு நிறுவனத்தில் வலையமைப்புப் பொறியாளராகப் பணிபுரிகிறேன். மாலை எட்டு மணிக்கு மேல் எங்கள் இணைப்பு நிரம்பி வழிவதை நாள்தோறும் திரையில் பார்த்துக்கொண்டிருப்பவன் என்ற முறையிலும், அந்த நெரிசலில் ஒரு பெரும் பகுதி தவிர்க்கக்கூடியது என்று உறுதியாக நம்புபவன் என்ற முறையிலும் இந்த மடலை எழுதுகிறேன்.

எங்கள் பகுதியில் ஆடி மாதத்தில் ஊருக்கு ஊர் அம்மன் கோயில் கொடை நடக்கும். வில்லுப்பாட்டு, முளைப்பாரி, நள்ளிரவுச் சாமக்கொடை என்று மூன்று நாள் விழா. முன்பு ஊரார் கண்ணால் கண்டதோடு அது முடிந்துவிடும். இப்போது சாமக்கொடையில் சாமியாடுவதை இளைஞர்கள் கைபேசியில் படம் பிடித்து, விடிவதற்குள் சமூக வலைத்தளத்தில் ஏற்றிவிடுகிறார்கள். இரவெல்லாம் விழித்த ஊர் பகலில் உறங்கி எழுந்து, மாலையில் அந்தக் காணொளிகளைப் பார்க்கத் தொடங்குகிறது. கொடைக்கு வர இயலாமல் திருப்பூரிலும் மும்பையிலும் வளைகுடா நாடுகளிலும் இருக்கும் பிள்ளைகளும் அதே வேளையில் பார்க்கிறார்கள். எல்லாம் மறையாக்கம் செய்யப்பட்ட, அதாவது இடையில் எவரும் படிக்க முடியாதபடி பூட்டப்பட்ட, இணைப்பில் போவதால் எந்தக் காணொளி போகிறது என்பது எங்களுக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. மறுநாள் ஊரில் கேபிள் சரிபார்க்கப் போகும்போது எல்லோரும் அதைப் பற்றியே பேசிக்கொள்வதால்தான் தெரிந்துகொள்கிறோம்.

இதைக் கணக்காகப் பார்ப்போம். ஒரு காணொளி 100 எம்பி என்றும், அதை 300 வீடுகள் பார்க்கின்றன என்றும் கொண்டால், 30 ஜிபி எங்கள் மேல்நிலை இணைப்பின் வழியாக, அதாவது எங்களை வெளி இணையத்தோடு சேர்க்கும் இணைப்பின் வழியாக, வந்தாக வேண்டும். அப்படி இருபது காணொளிகள் என்றால் 600 ஜிபி. எட்டு மணி முதல் பதினொரு மணி வரையிலான மூன்று மணி நேரத்துக்குள் அத்தனையும் இறங்க வேண்டுமானால், ஒரு ஜிகாபிட் இணைப்பில் ஏறக்குறைய பாதியை இவை மட்டுமே எடுத்துக்கொண்டுவிடும். ஆனால் அந்த இருபது காணொளிகளையும் ஒவ்வொரு பிரதி மட்டும் கொண்டுவந்து எங்கள் அறையில் இருக்கும் ஒரு கருவியில் வைத்திருந்தால் மொத்தம் 2 ஜிபிதான். அதையும் இணைப்பு வெறிச்சோடிக் கிடக்கும் விடியற்காலை நான்கு மணிக்கே கொண்டுவந்திருக்கலாம். ஊரில் எடுத்து, ஊரிலிருந்து ஏற்றி, ஊராரே பார்க்கும் ஒரு காட்சி, முந்நூறு முறை வெளியூருக்குப் போய்த் திரும்பி வருகிறது. அதே மூன்று மணி நேரத்தில்தான் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் இணையத்தில் பாடம் பார்க்கிறார்கள். அவர்களுடைய திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அவர்களுடைய பெற்றோர் எங்களுக்குத் தொலைபேசியில் அழைக்கிறார்கள்.

உள்ளடக்கத்தைப் பயனருக்கு அருகில் வைப்பது புதிய சிந்தனை அன்று. எம்ஐடி கணிதவியலாளர்களும் மாணவர்களும் 1997இல் முன்வைத்த, எதை எந்தச் சர்வரில் வைப்பது என்று பிரித்து ஒதுக்கும் சீரான ஹாஷிங் என்னும் உத்தியிலிருந்தும், 1998இல் அவர்கள் தொடங்கிய அகாமாய் நிறுவனத்திலிருந்தும், சிடிஎன் என்று நாம் சுருக்கமாகச் சொல்லும் உள்ளடக்க விநியோக வலையமைப்புகள் வளர்ந்தன. பலர் கேட்கும் ஒன்றை ஒருமுறை கொண்டுவந்து வழியிலேயே ஒரு கேச்சில், அதாவது தற்காலிகச் சேமிப்பிடத்தில், வைத்துக்கொண்டு, அடுத்து கேட்பவர்களுக்கெல்லாம் அங்கிருந்தே கொடுப்பதுதான் அதன் அடிப்படை. புதிய திரைப்பட முன்னோட்டத்துக்கும் கிரிக்கெட் போட்டிக்கும் இது மிக நன்றாக வேலை செய்கிறது. ஏனென்றால் அவற்றை நாடு முழுவதும் கேட்கும்; எந்தக் கேச்சில் வைத்தாலும் வீண் போகாது. எங்கள் ஊர்க் கொடைக் காணொளியை நாடு கேட்காது. முந்நூறு வீடுகள் கேட்கும், அவ்வளவுதான். கேட்கப்படும் எண்ணிக்கையை மட்டும் பார்த்து எதை வைத்துக்கொள்வது, எதைத் தள்ளுவது என்று முடிவு செய்யும் கேச்சுக்கு அது குப்பையோடு குப்பை. சமூக வலைத்தளங்களில் ஏறும் படங்களிலும் காணொளிகளிலும் மிகப் பெரும்பாலானவை இந்த வகையைச் சேர்ந்தவை: தனித்தனியே பார்த்தால் சொற்பப் பேர் பார்ப்பவை, சேர்த்துப் பார்த்தால் மலையளவு.

ஆனால் அந்த முந்நூறு வீடுகள் எவை என்பது முன்கூட்டியே தெரியக்கூடிய செய்தி. படம் பிடித்த இளைஞருக்கு யாரெல்லாம் நண்பர்கள், அவர்கள் எந்தெந்த ஊரில் இருக்கிறார்கள், வழக்கமாக எத்தனை மணிக்குத் திறந்து பார்ப்பார்கள் என்பது அந்தச் சமூக வலைத்தளத்துக்குத் தெரியும். எண்ணிக்கை சொல்லாததை உறவு சொல்லும். இந்த மடலின் கருத்து முழுவதும் இந்த ஒரு வரியில்தான் நிற்கிறது.

இதை ஆய்வாளர்கள் கண்டறிந்து பதினைந்து ஆண்டுகள் ஆகின்றன. அதில் இரண்டு முக்கியமான ஆய்வுகள் நம் நாட்டில் நடந்த மாநாடுகளில்தான் வாசிக்கப்பட்டன என்பதை ஆணையத்தின் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன். 2010இல் புது தில்லியில் நடந்த, கணினி வலையமைப்பு ஆய்வுக்கான சிக்காம் மாநாட்டில், ஸ்பெயினின் தொலைத்தொடர்பு நிறுவனமான டெலிஃபோனிகாவின் பார்சிலோனா ஆய்வகத்தைச் சேர்ந்தவர்கள் ஸ்பார் என்ற முறையை முன்வைத்தார்கள். ஒருவரின் தகவலும் அவருடைய நண்பர்களின் தகவலும் பல சர்வர்களில் சிதறிக் கிடந்தால், ஒரு பக்கத்தைத் திறக்கவே பல சர்வர்களைத் தட்ட வேண்டியிருக்கிறது. உறவைப் பார்த்துப் பிரித்து, தேவையான இடத்தில் பிரதி எடுத்து வைத்தால், ஒரே சர்வரிலிருந்து எல்லாவற்றையும் கொடுத்துவிடலாம் என்பது அதன் சாரம். அடுத்த ஆண்டு ஹைதராபாத்தில் நடந்த உலகளாவிய வலை மாநாட்டில், ஜான் குரோகிராஃப்ட் உள்ளிட்ட கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் இடம்பெற்ற குழு ஒன்று, ட்விட்டரில் பகிரப்பட்ட யூடியூப் இணைப்புகளைப் பின்தொடர்ந்து, ஒரு காணொளி ஒரு பகுதிக்குள்ளேயே கைமாறுகிறதா, உலகெங்கும் பரவுகிறதா என்பதைப் பகிர்வின் போக்கிலிருந்தே கணிக்கலாம் என்றும், அந்தக் கணிப்பைக் கேச்சுக்குச் சொன்னால் அது எதை வைத்துக்கொள்ள வேண்டும் என்பதை இன்னும் சரியாக முடிவு செய்கிறது என்றும் காட்டியது. ஊருக்குள் சுற்றுவது எது, நாடு சுற்றுவது எது என்று பிரித்தறிவதுதான் எங்களைப் போன்ற கடைக்கோடி நிறுவனங்களுக்கு வேண்டிய அறிவு.

2012இல் டெலிஃபோனிகா ஆய்வாளர்கள் இடம்பெற்ற இன்னொரு குழு, உறவோடு நேரத்தையும் சேர்த்துக்கொண்டது. ஓர் ஊரில் பகல் என்றால் இன்னோர் ஊரில் இரவு; நண்பர் எழுந்து பார்ப்பதற்குள், இணைப்பு காலியாக இருக்கும் நேரத்தில், அவருக்கு வேண்டியதை அவர் பக்கம் அனுப்பி வைத்துவிட்டால், தொலைதூர இணைப்புக்கு ஆகும் செலவை 80 சதவீதம் வரை குறைக்க முடியும் என்று உண்மையான ஒரு சமூக வலைத்தளத்தின் பதிவுகளைக் கொண்டு அவர்கள் கணித்தார்கள். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. துபாய் ஒன்றரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. பிள்ளைகளைக் கடல் கடந்து அனுப்பிவிட்டு அவர்களுடைய படங்களுக்காகக் காத்திருக்கும் ஊர்கள் நிறைந்த ஒரு மாநிலத்துக்கு இந்த ஆய்வு எவ்வளவு பொருந்தும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

இவை ஏட்டளவில் நின்றுவிடவும் இல்லை. ஃபேஸ்புக்கின் படங்களை ஒரு மாத காலம் கவனித்த ஆய்வு ஒன்று 2013இல் வெளியானது. வந்த கோரிக்கைகளில் 65.5 சதவீதம் பயனரின் உலாவியிலேயே இருந்த பிரதியால் நிறைவேறியது. 20 சதவீதம் பயனருக்கு அருகிலுள்ள விளிம்புக் கேச்சிலும் 4.6 சதவீதம் அடுத்த நிலைக் கேச்சிலும் கிடைத்தது, மீதி 9.9 சதவீதம் மட்டும் மூலக் கிடங்குவரை போக வேண்டியிருந்தது. ஒரு படம் எத்தனை முறை பார்க்கப்படும் என்பது அது எவ்வளவு பழையது என்பதோடும், ஏற்றியவரை எத்தனை பேர் பின்தொடர்கிறார்கள் என்பதோடும் நெருங்கிப் பிணைந்திருந்தது என்பதையும் அதே ஆய்வு பதிவு செய்தது. பிறகு 2016இல், நண்பர்களாக இருப்பவர்களின் கோரிக்கைகளை ஒரே சர்வர் தொகுதிக்கு அனுப்பும் முறையால், கேச்சில் கிடைக்காமல் போகும் கோரிக்கைகள் 25 சதவீதம் குறைந்ததாக அந்த நிறுவனத்தின் பொறியாளர்களே அறிவித்தார்கள். 2019இல் அதையே தரவு மையங்களின் அளவுக்கு விரித்து, நெருங்கிய தொடர்புடைய பயனர்களை ஒரே மையத்துக்கு அனுப்பியதில், பின்தளச் சேமிப்பின் மீதான சுமை 17 சதவீதம் குறைந்ததாக எழுதினார்கள்.

இந்தப் பயன் எங்கே நின்றுவிடுகிறது என்பதுதான் என் குறை. உறவை அறிந்து இடம் ஒதுக்கும் அறிவு அந்தப் பெருநிறுவனங்களின் தரவு மையங்களுக்குள் அவர்களுடைய மின்சாரத்தையும் வட்டுகளையும் மிச்சப்படுத்துகிறது. மதில் சுவருக்கு வெளியே, பயனரின் வீடு வரை நீளும் கடைசித் தொலைவில், அந்த அறிவின் ஒரு துளியும் எங்களை வந்து சேர்வதில்லை. முன்பு சிறு சேவை நிறுவனங்கள் தாமே ஒரு கேச் சர்வர் வைத்து, மக்கள் திரும்பத் திரும்பக் கேட்பதைச் சேமித்துக் கொடுத்துக்கொண்டிருந்தன. 2013இல் ஃபேஸ்புக் எல்லாப் பயனர்களுக்கும் மறையாக்க இணைப்பையே இயல்பாக்கியது. ஏனைய தளங்களும் அவ்வழியே வந்தன. அது மக்களின் நன்மைக்கானது. நான் அதை ஒருபோதும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதற்குப் பிறகு எங்கள் கேச் சர்வர்கள் பயனற்றுப் போயின. இப்போது உள்ளடக்க நிறுவனமே தன் கருவியைச் சேவை நிறுவனத்தின் அறையில் வைத்தால்தான் உண்டு. அப்படி வைப்பதற்குக் குறைந்தபட்சம் இவ்வளவு போக்குவரத்து இருக்க வேண்டும் என்று நிபந்தனை இருக்கிறது. எங்கள் நிறுவனமும் ஒருமுறை விண்ணப்பித்து, அந்த அளவு எங்களிடம் இல்லை என்ற பதிலைப் பெற்றது. அவர்களுடைய கணக்கு அவர்களுக்குச் சரியாக இருக்கலாம். ஆனால் அந்தக் கணக்கின் விளைவாக, நெரிசல் மிகுந்த மெல்லிய இணைப்புகள் உள்ள இடங்களுக்கே கேச் கிடைப்பதில்லை. தடித்த இணைப்புகள் உள்ள மாநகரங்களுக்கே அது மேலும் மேலும் போய்ச் சேர்கிறது.

இதற்குத் தீர்வாக உறவு விவரங்களைச் சேவை நிறுவனங்களுக்குக் கொடுங்கள் என்று நான் கேட்பதாக எவரும் எண்ணிவிடக் கூடாது. அதை என் முழு வலிமையோடு எதிர்க்கிறேன். ஒரு செயலி வழியாக ஃபேஸ்புக் பயனர்களின் விவரங்கள் அவர்களுடைய நண்பர்களின் விவரங்களோடு சேர்த்துத் திரட்டப்பட்ட கேம்பிரிட்ஜ் அனாலிடிகா விவகாரத்தில், இந்தியாவில் அந்தச் செயலியை நிறுவியவர்கள் 335 பேர் மட்டுமே. ஆனால் நண்பர்கள் என்ற ஒரே காரணத்தால் பாதிக்கப்பட்டிருக்கக்கூடியவர்களையும் சேர்த்து 5,62,455 பேர் என்று 2018இல் ஃபேஸ்புக் நிறுவனமே தெரிவித்தது. ஒருவரின் ஒப்புதல் அவருடைய நண்பர்களின் ஒப்புதல் ஆகாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. பெயர்களை நீக்கிவிட்டுக் கொடுத்தால் போதும் என்பதும் சரியன்று. சென்னை ஐஐடியில் பயின்ற அரவிந்த் நாராயணனும் விட்டாலி ஷ்மாட்டிகோவும் 2009இல் வெளியிட்ட ஆய்வில், ட்விட்டர், படப் பகிர்வுத் தளமான ஃப்ளிக்கர் ஆகிய இரண்டிலும் கணக்கு வைத்திருந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினரை, பெயர் நீக்கப்பட்ட உறவு வரைபடத்திலிருந்து மட்டுமே, 12 சதவீதப் பிழையோடு அடையாளம் காண முடிந்தது. உறவுகளின் வடிவமே ஒரு கைரேகை.

எங்கள் ஊர்களில் அது கைரேகையைவிடவும் கூரானது. யார் யாருடைய படத்தைப் பார்க்கிறார் என்ற பட்டியல் ஒரு சிற்றூரில் வெளியானால், அதில் சாதி தெரியும், கட்சி தெரியும், வீட்டுக்குத் தெரியாத காதல் தெரியும். அப்படித் தெரிந்ததனால் உயிர்கள் போன மாவட்டங்களில் ஒன்றில்தான் நான் வாழ்கிறேன். கேபிள் இழுக்கும் எங்கள் ஊழியர்கள் அந்தந்த ஊரின் பிள்ளைகள். அவர்களுக்கும் மாமன் மச்சான் உண்டு, கட்சி உண்டு. அவர்கள் கையில் இருக்கும் கணினியில் அப்படியொரு பட்டியல் இருக்கவே கூடாது. என் கையிலும் இருக்கக் கூடாது.

வேண்டியது பட்டியல் அன்று, அதிலிருந்து பிறக்கும் ஒரு சிறு குறிப்பு மட்டும். மறையாக்கம் செய்யப்பட்ட இன்ன கோப்பை, இன்ன வட்டாரத்தில், இன்ன நேரத்துக்கு முன் கொண்டுவந்து வைத்துக்கொள் என்ற மூன்று செய்திகள் போதும். அது யாருடைய கோப்பு, அதில் என்ன இருக்கிறது, யார் பார்க்கப் போகிறார்கள் என்பது எங்களுக்குத் தேவையில்லை. கணிப்பு முழுவதும் உறவுகளை ஏற்கெனவே அறிந்திருக்கும் தளத்துக்குள்ளேயே நடக்கட்டும். திறவுகோலும் அங்கேயே இருக்கட்டும். பூட்டிய பெட்டியை மட்டும் நாங்கள் வைத்துக்கொள்கிறோம். ஒரு வட்டாரத்தில் குறிப்பிட்ட எண்ணிக்கைக்குக் குறைவானவர்களே பார்ப்பார்கள் என்ற நிலையில் குறிப்பே அனுப்பக் கூடாது என்றும் விதிக்க வேண்டும். நான்கு பேருக்காக அனுப்பப்படும் குறிப்பு, அந்த நான்கு பேரையும் காட்டிக்கொடுத்துவிடும். அந்த எண் எவ்வளவு என்பதை வல்லுநர்கள் முடிவு செய்யலாம். எங்களைப் போன்ற வட்டாரங்களுக்கு அதை உயர்வாகவே வைக்க வேண்டும் என்பது என் எண்ணம். பயன் சற்றுக் குறைந்தாலும் பரவாயில்லை.

இப்படி உள்ளதை மறைத்துக்கொண்டு பயனுள்ளதை மட்டும் சொல்லும் ஏற்பாட்டுக்கு முன்மாதிரி இருக்கிறது. இணையத் தரநிலைகளை வகுக்கும் இணையப் பொறியியல் பணிக்குழு 2014இல் வெளியிட்ட ஆர்எஃப்சி 7285 என்ற ஆவணம், ஆல்டோ என்ற நெறிமுறையை வரையறுக்கிறது. சேவை நிறுவனங்கள் தங்கள் வலையமைப்பின் உள்ளமைப்பைப் போட்டியாளர்களுக்குக் காட்ட விரும்புவதில்லை. ஆனால் எந்தப் பகுதியிலிருந்து எந்தப் பகுதிக்கு அனுப்பினால் செலவு குறைவு என்பது செயலிகளுக்குத் தெரிந்தால் இரு தரப்புக்கும் நன்மை. ஆகவே வலையமைப்பைப் பெரும் பகுதிகளாகத் தொகுத்து, அவற்றுக்கிடையிலான செலவை மட்டும் ஒரு வரைபடமாகச் சொன்னால் போதும் என்று அந்த நெறிமுறை வகுத்தது. அங்கே சேவை நிறுவனம் தன் கமுக்கத்தைக் காத்துக்கொண்டு செயலிக்கு உதவுகிறது. அதே வழியில் எதிர்த்திசையிலும் போகலாம்: சமூக வலைத்தளம் தன் பயனர்களின் உறவுகளைக் காத்துக்கொண்டு வலையமைப்புக்கு உதவட்டும். தொழில்நுட்பத்தில் இதற்குத் தடை எதுவும் எனக்குத் தெரியவில்லை. சிறிய நிறுவனங்களுக்கு இதைச் செய்து கொடுக்க வேண்டிய கட்டாயம் பெரிய தளங்களுக்கு இல்லை என்பதே தடை.

இந்த முறையின் குறைகளையும் நான் அறிந்தே எழுதுகிறேன். நண்பர் என்பதும் பின்தொடர்பவர் என்பதும் ஒன்றல்ல. 2011இல் ஃபேஸ்புக்கின் 72 கோடிப் பயனர்களையும் ஆராய்ந்தபோது, நட்பு இணைப்புகளில் 84 சதவீதம் ஒரே நாட்டுக்குள் இருந்தவை என்று தெரிய வந்தது. நட்புக்கு ஊர் உண்டு. ஒரு நடிகரைப் பின்தொடரும் இலட்சக்கணக்கானவர்களுக்கு அப்படிப்பட்ட ஊர் இல்லை. அவர்களுக்குப் பழைய கேச் முறையே போதும். உறவைப் பார்த்து அனுப்பும் முறையை நட்புக்கு மட்டும் பயன்படுத்த வேண்டும்.

பார்க்கப்படாமலே போகக்கூடியதைக் கொண்டுவந்து குவிப்பதும் வீண். அதனால் முன்கூட்டி அனுப்புவது எங்கள் அறையில் இருக்கும் கேச்சோடு நிற்க வேண்டும். பயனரின் கைபேசிவரை போகக் கூடாது. நாள் ஒன்றுக்கு இவ்வளவு ஜிபி என்று எண்ணி எண்ணிச் செலவழிக்கும் மக்களின் டேட்டாவை, அவர்கள் கேட்காத காணொளிக்காக எடுத்துக்கொள்வது நியாயமாகாது.

அழிப்பது பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு பெண் தன் படத்தை ஏற்றிவிட்டு ஒரு மணி நேரத்தில் மனம் மாறி நீக்கினால், முன்கூட்டி அனுப்பப்பட்ட எல்லாப் பிரதிகளும் அப்போதே நீங்க வேண்டும். கோப்பு பூட்டப்பட்டிருக்கிறது, ஆகவே கவலையில்லை என்று சொல்வதை நான் ஏற்க மாட்டேன். 2023ஆம் ஆண்டின் எண்ம தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தன் தரவை அழிக்கக் கேட்கும் உரிமையை மக்களுக்கு வழங்கியிருக்கிறது. கடைக்கோடியில் இருக்கும் கேச்சும் அந்த உரிமைக்குக் கட்டுப்பட்டதே என்பதை ஆணையம் ஐயத்துக்கு இடமின்றிக் கூற வேண்டும். வதந்திகளைப் பொறுத்தவரையிலும் இதே வழிதான். உறவுகளுக்குள் கைமாறும் ஒன்று எவ்வளவு வேகமாகப் பரவக்கூடும் என்பதை 2018இல், வாட்ஸ்அப் இந்தியாவில் ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் முன்னனுப்ப முடியாதபடி கட்டுப்படுத்த நேர்ந்த நாட்களில் நாம் பார்த்தோம். தளத்தில் நீக்கப்பட்ட ஒன்று கேச்சில் தங்கியிருந்து தொடர்ந்து போய்க்கொண்டிருக்கும் நிலை வரவே கூடாது.

ஆணையத்தின் முன் இது முற்றிலும் புதிய பொருள் அன்று. 2016 பிப்ரவரி 8 அன்று, உள்ளடக்கத்தைப் பொறுத்து வெவ்வேறு கட்டணம் வாங்குவதைத் தடை செய்து ஆணையம் பிறப்பித்த ஒழுங்குமுறையை எங்களைப் போன்றவர்கள் நன்றியோடு நினைவில் வைத்திருக்கிறோம். 2017 நவம்பரில் வலைச் சமநிலை, அதாவது இணையத்தில் எல்லா உள்ளடக்கத்தையும் பாகுபாடின்றி நடத்துவது, குறித்துப் பரிந்துரைத்தபோது, உள்ளடக்க விநியோக வலையமைப்புகளை ஆணையம் அந்த விதிகளுக்கு வெளியே வைத்தது. அன்றைய நிலையில் அதற்குக் காரணம் இருந்தது. கேச் என்பது எல்லோருக்கும் வழியை எளிதாக்கும் ஒரு வசதியாகவே அப்போது பார்க்கப்பட்டது. 2022 நவம்பரில் தரவு மையங்கள், உள்ளடக்க விநியோக வலையமைப்புகள், இணைப்புப் பரிமாற்ற மையங்கள் ஆகிய மூன்றையும் பற்றி விரிவான பரிந்துரைகளை ஆணையம் வெளியிட்டது. அந்த ஆவணத்தை நான் முழுவதும் படித்தேன். எங்கே எத்தனை கேச் அமைய வேண்டும் என்ற அக்கறை அதில் இருக்கிறது. அந்தக் கேச்சுகளில் எதை வைப்பது என்று முடிவு செய்யும் அறிவு யாரிடம் இருக்கிறது, அது யாருக்கெல்லாம் பயன்பட வேண்டும் என்ற கேள்விக்கும் அதில் இடம் இருந்திருக்க வேண்டும் என்பது என் தாழ்மையான கருத்து. வெற்றுக் கேச்சைக் கொண்டுவந்து ஊரில் வைத்தால், அது மாநகரத்துக்குப் பிடித்தவற்றால் நிரம்பும். எங்கள் ஊர்க் கொடை அதில் இடம் பிடிக்காது.

ஆகவே ஆணையம் இதன் பேரில் தனியாக ஒரு கலந்தாய்வு அறிக்கை வெளியிட்டுக் கருத்துக் கேட்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். குறிப்பு அனுப்பும் தளம், ஒரு சேவை நிறுவனத்துக்கு அனுப்புவதை அதே வட்டாரத்தில் உள்ள இன்னொன்றுக்கு மறுக்கக் கூடாது. அதற்குக் கட்டணமும் வாங்கக் கூடாது. பெரிய நிறுவனத்தின் வாடிக்கையாளருக்கு ஊர்க் காணொளி உடனே ஓட, எங்கள் வாடிக்கையாளருக்கு வட்டம் சுற்றினால், அது 2016இல் ஆணையம் தடுத்த அதே அநீதி வேறு வாசல் வழியாக வந்ததாகிவிடும். தனியாகக் கருவி வைக்கும் அளவுக்குப் போக்குவரத்து இல்லாத நிறுவனங்கள் ஒன்றுசேர்ந்து, சேவை நிறுவனங்கள் தங்களுக்குள் போக்குவரத்தைப் பரிமாறிக்கொள்ளும் நிக்சி இணைப்பு மையங்களிலோ மாவட்டத் தலைநகரிலோ ஒரு பொதுக் கேச்சை வைத்துக்கொள்ள வழி செய்ய வேண்டும். இதில் ஒரு பகுதி ஆணையத்தின் அதிகார எல்லைக்கு வெளியே, மின்னணு மற்றும் தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்திடம் இருக்கிறது என்பதை அறிவேன். பரிந்துரைப்பதற்கு அது தடையாகாது.

நாடு முழுவதற்கும் விதி வகுக்கும் முன் ஓரிடத்தில் செய்து பார்ப்பது நல்லது. அதற்கு அந்தமான் நிக்கோபார் தீவுகளை முன்மொழிகிறேன். 2020 ஆகஸ்ட் 10 அன்று சென்னையிலிருந்து ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளக் கடலடிக் கேபிள் அங்கே தொடக்கி வைக்கப்பட்டது. அதுவரை செயற்கைக்கோளை நம்பியிருந்தார்கள்: புவிநிலைச் செயற்கைக்கோள் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் இருப்பதால், கேள்வி போய்ப் பதில் வருவதற்கே அரை நொடி ஆகும், கேபிளில் அதே பயணம் 25 மில்லிநொடிக்குள் முடிந்துவிடும். தமிழ்நாட்டிலிருந்து சென்று குடியேறிய குடும்பங்கள் உட்படப் பல மொழி பேசுவோர் அங்கே வாழ்கிறார்கள். அவர்களுடைய உறவுகளில் ஒரு பாதி தீவுக்குள்ளும் மறுபாதி சென்னை, கொல்கத்தா போன்ற கரைகளிலும் இருக்கிறது. போக்குவரத்து பெரும்பாலும் ஒரே வழியாக வருவதால், முறையை நடைமுறைப்படுத்துவதற்கு முன்னும் பின்னும் கேபிளின் சுமை எவ்வளவு மாறியது என்பதைப் பிசகில்லாமல் அளக்க முடியும். கேபிள் பழுதாகிச் சொற்ப அலைவரிசையோடு மக்கள் தவிக்கும் நாட்களில், தீவுக்குள்ளேயே பகிரப்பட்டவை தீவுக்குள்ளேயே கிடைத்தால் அவர்களுக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல்! அளந்த முடிவுகளை, நல்லதாயினும் அல்லாததாயினும், ஆணையம் பொதுவில் வெளியிட வேண்டும். கூடவே ஒரு தென்மாவட்டத்தையும் சேர்த்துக்கொண்டால், நிலத்தில் இருக்கும் சிறு நிறுவனங்களின் நிலையும் தெரிய வரும்.

அப்படிச் சேர்த்துக்கொள்வதாயின், எங்கள் மேல்நிலை இணைப்பின் கடந்த மூன்று ஆண்டுப் போக்குவரத்து அளவுகளை, எந்த வீட்டையும் அடையாளம் காட்டாத மொத்தக் கணக்காக, ஆணையத்திடம் ஒப்படைக்க எங்கள் நிறுவனத்தின் ஒப்புதலைப் பெற்றிருக்கிறேன். கொடை நாட்கள் எவை என்று அதில் தனியாகக் குறித்து வைத்திருக்கிறேன். கலந்தாய்வுக் கூட்டம் எங்கே நடந்தாலும் நேரில் வந்து விளக்கவும் ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
வலையமைப்புப் பொறியாளர் ஒருவர்,
தென்காசி மாவட்டம்.